இறங்கத் தெரியாத விமானம்

சாய்கிருஷ்ணனின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் பொங்கல் கிண்டி வருகிறது. அப்பா வெங்கடசுப்பிரமணியன் இன்றும் விடியுமுன் மலையேறிவிடுவார். மகன் காலேஜில் கடைசி வருஷம். அவனுக்குக் கிண்டத் தெரியாது, கிண்டல் மட்டும்தான் தெரியும் என்பது அப்பாவின் நிரந்தரக் குறை.

அன்று ஊரில் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை. காலையில் போனால் சாயங்காலம் வரை வராது. சரியாக எப்போது போகும் என்பது லைன்மேனுக்கும் மலைமேல் இருப்பவருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். அதற்குள் ஒரு ஆட்டம் போட்டுவிடலாம் என்று சாய்கிருஷ்ணன் காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு, ஸ்டேஷன் ரோட்டில் நண்பன் பாசித்தின் செல்போன் ரிப்பேர் கடைக்கு வந்திருந்தான். ஆட்டம் என்றால் செல்போன் ஆட்டம் இல்லை. பாசித் வீட்டுப் பரணிலிருந்து இறங்கியிருந்த ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர்.

"இதாடா கம்ப்யூட்டரு? கால்குலேட்டருக்கு உடம்பு வீங்கினா மாதிரி இருக்குது."

"வாய மூடு. எங்க சாச்சா சவூதியிலேர்ந்து எடுத்துகினு வந்தது. உனக்கு முன்னாடி பொறந்தது. மரியாதையா பேசு."

அந்தச் சித்தப்பாவுக்கு வயதாகிவிட்டது, கம்ப்யூட்டருக்கு ஆகவில்லை. ரப்பர் பட்டன்கள் எல்லாம் வேலை செய்தன. பாசித் அதை ஒரு பழைய டப்பா டிவியில் மாட்டினான். ஆட்டம் இருந்தது ஒரு ஒலிநாடாவில். அதை ஓட்ட, அப்பா பக்திப் பாட்டுக் கேட்கும் டேப் ரிக்கார்டரைச் சாய்கிருஷ்ணன் கேட்காமல் கொண்டுவந்திருந்தான். கேசட் சுற்ற ஆரம்பித்ததும், பூனையின் வாலைக் கதவிடுக்கில் வைத்து அழுத்தியதுபோல ஒரு கிறீச்சல். இந்த மிஷினுக்கு அதுதான் தாய்மொழி என்றான் பாசித்.

கேசட் அட்டையில் ஒரு போர் விமானம் மரங்களை உரசிக்கொண்டு பறந்தது. தரையோடு தரையாகப் பறக்க வேண்டும், அதுதான் ஆட்டம். கொஞ்சம் மேலே போனாலும் ராடார் பார்த்துவிடும், ஏவுகணை வந்துவிடும்.

கிறீச்சல் நின்றது. திரையில் ஒரே ஒரு கேள்வி: உன் விமானத் தளம் எது?

வங்கிப் படிவம் முதல் கல்யாணப் பத்திரிகை வரை சொந்த ஊர் கேட்டால் எழுதிப் பழகிய கை அது. சாய்கிருஷ்ணன் யோசிக்காமல் திருத்தணி என்று அடித்தான்.

"ஏதாவது அமெரிக்காகாரன் ஊரு போடுவியா, இதப் போயி போட்றான் பாரு," என்று பாசித் தலையில் அடித்துக்கொண்டான்.

கீழே பச்சை, மேலே நீலம். விமானம் ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தது. எதிரே கட்டம் கட்டமாக ஒரு பழுப்பு மலை. அதன்மேல் வெள்ளைக் கோடாகப் படிகள். உச்சியில் மஞ்சள் புள்ளிகள் நகர்ந்தன.

"பாசித்து, இது நம்ம மலைடா."

"எல்லா மலையும் மலைதான்டா."

"படி பாரு. மேல மஞ்சளா பாரு. மொட்டைங்கடா. சந்தனம் தடவின மொட்டைங்க."

பாசித் திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனான். "எங்கேயோ இருந்த வெள்ளக்காரன், அந்தக் காலத்துல, நம்ம ஊரு மொட்டைய எப்டிடா பாத்தான்?"

அப்போது கடையின் தகரக் கூரை அதிர்ந்தது. மாட்டி வைத்திருந்த செல்போன் உறைகள் எல்லாம் ஒரே பக்கமாக ஆடின. தலைக்கு மேலே ஏதோ ஒன்று கிழித்துக்கொண்டு போனது.

"நேவிக்காரன்," என்றான் பாசித், திரையிலிருந்து கண் எடுக்காமல்.

அரக்கோணத்தில் கடற்படை விமானங்கள் இருப்பதால், இந்தப் பக்கத்தில் யாரும் வானத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. இரைச்சல் வந்தால் பேச்சை நிறுத்துவார்கள், போனால் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். வழக்கம் அப்படி.

சாய்கிருஷ்ணன் மேற்கே திருப்பினான். வயல், ஒரு ஏரி, வளைந்து போகும் சாலை. சாலையில் ஒரு சிவப்புப் புள்ளி ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரி லாரியாக இருக்கும். எதிரியாக இல்லாவிட்டாலும் துரத்தலாம். அவன் விமானத்தின் மூக்கை இறக்கி, புள்ளியின் தலைக்குமேல் உரசிக்கொண்டு போனான். புள்ளி தடுமாறி, சாலையை விட்டுப் பச்சைக்குள் இறங்கியது. இருவரும் கைகொட்டிச் சிரித்தார்கள். அதாவது பாசித் கொட்டினான். சாய்கிருஷ்ணன் கைகள் பட்டன்மேல் இருந்தன.

போன் அடித்தது. அக்கா சுப்ரஜா. அம்மையார்குப்பத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தில் கணக்கு வேலை அவளுக்கு, தினமும் ஸ்கூட்டரில் போய்வருவாள். பாசித் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டான்.

"சாயி, நான் விழுந்துட்டேன்டா."

"எங்கக்கா?"

"அம்மையார்குப்பம் ரோட்ல. ஒரு ப்ளேன்டா. தலையத் தொட்டுகினு போச்சி. துப்பட்டாவே பறந்து போச்சி. வண்டியோட கடலக்காட்டுல இறங்கிட்டேன்."

"அடி பட்டுச்சா?"

"முட்டி தேஞ்சிடுச்சி. சிரிக்காத."

"சிரிக்கலக்கா."

நிஜமாகவே சிரிக்கவில்லை. அவன் குரலைக் கேட்டு அவளுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும், குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சாயி, அது திரும்பறப்ப சாஞ்சிது. கண்ணாடி வழியா உள்ள தெரிஞ்சிது. ஓட்டறவன் சீட்டு காலிடா. யாருமே இல்ல."

சுப்ரஜாவின் ஸ்கூட்டர் சிவப்பு.

பாசித் போனை மேசைமேல் வைத்தான். வாசலுக்குப் போய் நின்று, "கடைக்கு மேல வா," என்றான். சாய்கிருஷ்ணன் திரையில் ஸ்டேஷன் ரோட்டைத் தேடி, அதன்மேல் கொண்டுவந்தான். தகரம் அதிர்ந்தது. பாசித் திரும்பி வந்தபோது அவன் முகம் பேட்டரி தீர்ந்த போன்போல இருந்தது.

"எறக்குடா அத."

"எந்த பட்டன்ல எறக்கறது?"

அட்டையைப் புரட்டினார்கள். மேலே போக ஒன்று, கீழே போக ஒன்று, இடம், வலம், சுட ஒன்று. இறங்க ஒன்று இல்லை. இந்த ஆட்டத்தை எழுதிய மகானுக்குப் பறப்பது மட்டுமே கவலையாக இருந்திருக்கிறது. ஆட்டம் முடிய ஒரே வழி விழுவதுதான். எங்கே விழுந்தாலும் கீழே ஏதாவது ஒரு புள்ளி இருந்தது. மேலே ஏறினால் ஏவுகணை, அதுவும் துண்டு துண்டாகக் கீழேதான் வரும். பெட்ரோல் கோடு ஆரம்பித்த இடத்திலேயே நின்றது, ஒரு இழை குறையவில்லை.

"பள்ளிப்பட்டு தாண்டி ஓட்டு," என்றான் பாசித். "ஆந்திரா போயிடும். காட்டுல எங்கனா போட்டுடலாம்."

"அங்க ஆளு இல்லியா?"

"மலைடா அதெல்லாம். மரந்தான் இருக்கும். ஓட்டு."

ஓட்டினான். பொதட்டூர்பேட்டை போனது, பள்ளிப்பட்டு போனது. எல்லைக்கு அப்பால் மலைகள் வர வேண்டிய இடத்தில் தண்டவாளம் வந்தது. சின்னதாக ஒரு ஸ்டேஷன், ஒரு வேப்பமரம், நடைமேடையில் நிற்கும் நாலைந்து புள்ளிகள்.

"இது மணவூருடா," என்றான் பாசித், மெல்ல. "மணவூரு தெக்குப் பக்கம் இல்ல இருக்குது?"

வடக்கே போனது தெற்கிலிருந்து உள்ளே வந்திருந்தது. அந்த உலகத்துக்கு வெளியே என்று ஒன்று கிடையாது. தளம் திருத்தணி என்று சொன்னதால் அதற்குத் திருத்தணி மட்டும்தான் தெரியும்.

எதிரே மறுபடி மலை. நேரே போனால் உச்சி. உச்சியில் மஞ்சள் புள்ளிகள், அவற்றின் ஓரத்தில் மெல்லிய சாம்பல் புகை. மடப்பள்ளிப் புகை. சாய்கிருஷ்ணன் இடது பட்டனை அழுத்தினான். விமானம் சாய்ந்து, மலையைச் சுற்ற ஆரம்பித்தது. யோசிக்கும்வரை சுற்றட்டும் என்று அழுத்தியபடியே இருந்தான்.

கரண்ட் போனது.

திரை ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. மின்விசிறி ஓய்ந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாசித் சிரிக்க ஆரம்பித்தான். "முடிஞ்சிடுச்சிடா. லைன்மேன் பங்காரு அண்ணனுக்கு ஒரு பிரியாணி..."

கூரை அதிர்ந்தது. இரைச்சல் கடந்து போனது, மலையின் பின்பக்கம் போய் மங்கியது, மறுபடி இந்தப் பக்கம் வந்தது.

சாய்கிருஷ்ணனின் விரல் இன்னும் இடது பட்டன்மேல் இருந்தது.

"கைய எடுத்துப் பாரு," என்றான் பாசித்.

மயிரிழை தூக்கினான். இரைச்சல் உடனே நிமிர்ந்தது. சுற்றிப் போவது நின்று, ஒரே திசையில் கூர்மையாகிக்கொண்டே போனது. மலை இருக்கும் திசை, முதலில் நேரே போகவிருந்த அதே உச்சி. அழுத்தினான். சத்தம் சாய்ந்து, முனகி, மறுபடி சுற்றுக்கு வந்தது.

"உங்கப்பாவுக்குப் போன் பண்ணு. எல்லாரையும் கூப்டுகினு எறங்க சொல்லு."

"மடப்பள்ளிக்குப் போன் எடுத்துகினு போகமாட்டாரு. எடுத்தாலும் என்னான்னு சொல்றது? அப்பா, பொங்கல பாதியில விட்டுட்டு வாங்க, நான் அணைஞ்சிபோன டிவியில ஓட்டற ப்ளேன் வருதுன்னா?"

வாழ்நாளில் முதல்முறையாக அவன் ஒரு உண்மையைச் சொல்ல நினைத்தான், அதுவும் இப்படிப்பட்ட உண்மை.

பாசித்துக்குத் திடீரென்று வேறொன்று உறைத்தது. ரிப்பேர் செய்கிறவன் மூளை. "டேய், சாயங்காலம் கரண்ட் வந்தா?"

"வந்தா?"

"மிஷினு புதுசா முழிச்சிக்கும். எல்லாத்தையும் மறந்துடும். உன் வெரல் இருக்குறது அதுக்குத் தெரியாது."

அவன் பாய்ந்து பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினான். பிடுங்கி, கையில் வைத்துக்கொண்டு, அதைத் தரையில் வைக்கக்கூட பயந்து நின்றான். இரைச்சல் மாறவில்லை. எந்தக் கம்பியிலிருந்தும் எதுவும் வராத ஒரு பெட்டியை, ஊரே சத்தியம் செய்து அணைந்தது என்று சொல்லக்கூடிய ஒரு பெட்டியை, சாய்கிருஷ்ணன் ஒரு விரலால் பிடித்துக்கொண்டிருந்தான்.

நேரம் போகப் போக விரல் முதலில் வலித்தது, பிறகு மரத்தது, பிறகு வேறு யாருடையதோ போல ஆனது. அதுதான் ஆபத்து. அழுத்துகிறதா இல்லையா என்று அவனால் விரலைக் கேட்க முடியவில்லை, வானத்தைத்தான் கேட்க வேண்டியிருந்தது. பாசித்தை மாற்றிவிடலாம் என்றால், அவன் இரண்டு கையாலும் பிளக்கைப் பிடித்துக்கொண்டு அதை விடவே மறுத்தான்.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. சுப்ரஜா. முட்டியில் கைக்குட்டை கட்டு, தலையில் கடலைச் செடி.

"மறுபடி போன் பண்ணா எடுக்க மாட்டியா? பாசித்து, இவன் என்னா கரண்ட் இல்லாத டிவிய பாத்துகினு உக்காந்துகினு இருக்கான்?"

"அக்கா," என்றான் சாய்கிருஷ்ணன். "ப்ளேன் சத்தம் கேக்குதா?"

"காலையிலேர்ந்து அதானே கேக்குது."

அவன் விரலைக் கொஞ்சமே தளர்த்தினான். வானம் நிமிர்ந்தது. சுப்ரஜா வாயைத் திறந்தபடி மலைப்பக்கம் திரும்பினாள். அவன் அழுத்தினான். வானம் சாய்ந்தது.

அவள் நெடுநேரம் அவனைப் பார்த்தாள். காலையில் கண்ணாடி வழியே பார்த்த அந்தக் காலி இருக்கையை இப்போதுதான் அடையாளம் கண்டதுபோல இருந்தது அந்தப் பார்வை. திட்டப் போகிறாள் என்று அவன் காத்திருந்தான். திட்டினால் நன்றாகத்தான் இருக்கும்.

"அப்பா மேலதானே இருக்காரு?" என்றாள்.

"ஆங்."

சுப்ரஜா நாற்காலியை இழுத்துப் போட்டு, நொண்டிக் காலை நீட்டி உட்கார்ந்தாள். சேறு காய்ந்த சுட்டுவிரலைச் சுடிதாரில் துடைத்தாள். அவன் விரலுக்கு ஒட்டினாற்போல, அதே பட்டன்மேல் வைத்தாள்.

"தள்ளு," என்றாள். "மெதுவா. நான் அழுத்தினதும் எடு."