சாமை விளைந்த லேப்டாப்

காலை பத்து மணிக்கு சுகுணா தன் லேப்டாப்பைத் தூக்கிவந்து என் இரண்டு உள்ளங்கைகளிலும் வைத்தாள். "எப்படி இருக்குதுன்னு நீங்களே பாருங்க மாமா" என்றாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய தோசைக்கல் போல இருந்தது. முப்பத்தொரு வருஷம் இந்த மலையின் எழுபது வளைவிலும் பஸ் ஓட்டிய கை என்பதால் தாங்கியது. சாதாரணக் கையாக இருந்திருந்தால் ரேகை அழிந்து ரேஷன் கடையில் அரிசி வாங்க முடியாமல் போயிருக்கும்.

"காய்ச்சல்தான் கண்ணு. மலை ஒத்துக்கலை அதுக்கு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. வழக்கமாக என் பேச்சுக்குச் சிரிக்கமாட்டாள், குறுக்குக் கேள்வி கேட்பாள். அன்றைக்குக் கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாகப் போயிற்று.

சுகுணா என் மருமகள். முள்ளுக்குறிச்சிப் பெண். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனிக்கு, கட்டாத வீடுகளைப் படமாக்கித் தரும் வேலை. மண்ணில் ஒரு செங்கல் விழுந்திருக்காது, இவள் படத்தில் நாலு மாடி நிற்கும். சோபாவில் சாயங்கால வெயில் விழும். தண்ணீர்த் தொட்டியில் மேகம் தெரியும். இல்லாததை இருப்பதாகச் சொல்வதை நான் அறுபது வருஷமாகச் செய்கிறேன், எனக்கு ஒருவனும் சம்பளம் தந்ததில்லை. அவளிடம் இதைச் சொன்னபோது, "நான் நெழலு சரியா விழுதான்னு பார்க்கிறேன் மாமா, நீங்க பார்க்கறதில்லை" என்றாள்.

அவள் சொன்னது நியாயம். நான்கு மாதத்துக்கு முன் என் மகன் முகேஷ், அவள் வேலையை மலையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று கூட்டிக்கொண்டு வந்த முதல் நாள், என் ரேடியேட்டர் கதையைச் சொன்னேன். ஒரு சித்திரை மாசம் நாற்பத்தோராவது வளைவில் பஸ் கொதித்து நின்றுவிட்டது. பேளுக்குறிச்சி சந்தையில் விற்காத மரவள்ளிக்கிழங்கோடு திரும்பிக்கொண்டிருந்தார் ஒருத்தர். வெந்நீரை வீணாக்குவானேன் என்று கிழங்கைக் கயிற்றில் கட்டி ரேடியேட்டருக்குள் இறக்கினேன். பஸ் ஆறுவதற்குள் கிழங்கு வெந்துவிட்டது. ஐம்பத்திரண்டு பேருக்கும் ஆளுக்கொரு துண்டு. கொஞ்சம் டீசல் வாசம் அடித்தது. அதைக் குறையாகச் சொன்னவர் ஒருவர்தான், அவரும் வெளியூர்க்காரர். எல்லாரும் சிரித்தார்கள். சுகுணா மட்டும், "ரேடியேட்டர் மூடி எத்தனை அகலம் மாமா? கெழங்கு அதுல நொழையுமா?" என்றாள்.

இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லும் கதை. மூடியின் அகலத்தை யாரும் கேட்டதில்லை. அன்றே எனக்கு மருமகளைப் பிடித்துப்போயிற்று. அடுத்த முறை சொல்லும்போது கிழங்கை மெலிதாக்கிவிட்டேன்.

இப்போது அந்த மருமகள்தான் போகப் பார்த்தாள். போகப் பார்த்தாள் என்பது தவறு, போக வைக்கப் பார்த்தார்கள். கம்பெனி அவளுக்கு மலையிலிருந்து வேலை பார்க்க ஆறு மாதம் விட்டிருந்தது. போன இரண்டு வேலையும் தாமதம். இன்று ஐந்து மணிக்குள் இருபத்துநான்கு படங்கள் போய்ச் சேராவிட்டால் அடுத்த மாதம் முதல் கோயம்புத்தூர் ஆபீசில் வந்து உட்காரச் சொல்லிவிட்டார்கள். அவள் போனால் முகேஷும் போவான். மிளகுக் கொடியும், என் சம்சாரம் சென்னம்மாளும், நானும் மிஞ்சுவோம். சென்னம்மாள் என் கதைகளைக் கேட்பதை நிறுத்தி முப்பது வருஷம் ஆகிறது. மிளகுக் கொடி எதைச் சொன்னாலும் நம்பிவிடும்.

"பதினோரு படம் முடிஞ்சுதுங்க மாமா. முன்னெல்லாம் ஒரு படத்துக்கு ஆறு நிமிசம். இப்ப இருவது. சூடு ஏறுனா தன்னால மெதுவாப் போகுது. இன்னும் ஏறுனா அணைஞ்சுருது. காலையில இருந்து ரெண்டு தடவை அணைஞ்சுது."

"பொட்டி இத்தனை ஒல்லியா இருந்தா சூடு ஏறாம என்ன பண்ணும்?" என்றேன். உண்மையாகவே அது ஒரு நோட்டுப் புத்தகத்தின் கனம்தான். அதற்குள் பஸ் எஞ்சின் பலம் இருப்பதாக முகேஷ் சொல்லியிருக்கிறான்.

"ஒல்லிதான். அதுக்குத் தக்கன உள்ளே ரெண்டு ஃபேன் வெச்சிருக்காங்க. கோயம்புத்தூருல நாப்பது டிகிரி வெயில்லயே இது நல்லா ஓடுச்சு. இங்க இவ்வளவு குளுருது, இங்க வந்துதான் கொதிக்குது. அதுதான் எனக்குப் புரியலை."

எனக்கும் புரியவில்லை. ஏனென்றால் குளிர்ச்சிக்கு ஏற்பாடு செய்தவனே நான்தான். எங்கள் வீட்டுக்கும் மாட்டுக்கொட்டாய்க்கும் நடுவே ஒரு சந்து உண்டு. பள்ளத்திலிருந்து ஏறும் காற்று வேறு வழியில்லாமல் அதற்குள் நுழைந்து ஓடும். ஒருமுறை அதில் காயப்போட்ட என் வேட்டி சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது, அதுவும் மடித்த நிலையில். அந்தச் சந்துப் பக்கம் பார்த்த ஜன்னல் ஒன்று கிழக்கு அறையில் இருந்தது. லேப்டாப் மேஜையை அதனடியில் போட்டு, ஜன்னலில் அடித்திருந்த ஆப்பைப் பிடுங்கித் திறந்துவைத்தேன். கொசுவலையும் அடித்தேன். இரண்டு மாதமாக ஊரிலேயே நல்ல காற்று அந்த லேப்டாப்புக்குத்தான்.

ஆறவிட்டு ஆறவிட்டு ஓட்டியும், பன்னிரண்டாவது படம் முடியுமுன் பதினொன்றரைக்கு மூன்றாவது முறை அணைந்தது. சுகுணா கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். முகேஷ் சந்தைக்குப் போயிருந்தான். நான் செம்மேட்டுக்குப் போன் போட்டேன். அங்கே பூபதி செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். இவன் அப்பன் என் பஸ்ஸில் கண்டக்டர்.

"லேப்டாப்பெல்லாம் நான் பிரிக்கறதில்லீங்க டிரைவரே" என்றான்.

"பிரிக்க வேண்டாம். மேலே மூடியைக் கழட்டு, போதும்."

"கழட்டறதும் பிரிக்கறதும் ஒண்ணுதானுங்க."

"உங்கப்பன் டிக்கெட் குடுக்காமலே விசில் அடிப்பான். நீ பேசிக்கிட்டே வண்டியை எடு."

ஒரு மணிக்கு வந்து சேர்ந்தான். லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்தான். எள்ளு மாதிரி திருகாணிகள். ஒவ்வொன்றாகக் கழற்றி, சென்னம்மாளின் வெற்றிலைத் தட்டில் வரிசையாக வைத்தான். மூடியை நகத்தால் நெம்பித் தூக்கினான். தூக்கியவன் அப்படியே நின்றான்.

"ஏனுங்க, இதுல சாமை போட்டு வெச்சிருக்கீங்களா?"

எட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சின்ன மின்விசிறி. நடுவிலிருந்து செம்புக் குழாய் ஓடி, ஓரத்தில் சீப்புப் பல் போன்ற தகடுகளில் முடிந்தது. சூடு அந்தப் பல்லிடுக்கு வழியாகத்தான் வெளியே போக வேண்டும். போக முடியாது. அங்கே சாமையின் உமியும், பொடி முள் மாதிரி அதன் சுணையும், தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருந்தது. பூபதி கம்பியால் நெம்பினான். ஒரே துண்டாக, சின்னப் பாய் போல வந்தது. அதில் முழுசாக ஐந்தாறு சாமையும் ஒட்டியிருந்தது.

எல்லாரும் ஜன்னலைப் பார்த்தோம். வெளியே சந்தில், முறத்தைத் தலைக்குமேல் தூக்கி, காற்றில் சாமை தூற்றிக்கொண்டிருந்தாள் சென்னம்மாள். மணி நேராக விழுந்தது. உமி சாய்ந்து, வளைந்து, எங்கள் ஜன்னலை நோக்கி ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. தடித்த உமி வலையில் நின்றது. சுணை நிற்கவில்லை.

அந்தச் சந்தில்தான் எங்கள் பக்கத்து நாலு வீட்டுக்காரர்களும் தூற்றுவார்கள். அந்தக் காற்றுக்காகத்தான் வருவார்கள். அதற்காகத்தான் என் அப்பா அந்த ஜன்னலில் ஆப்பு அடித்தார். அடிக்கும்போது ஆப்பைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். விரலில் தழும்புகூட இருக்கிறது.

சுகுணா தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கண்ணு, தப்பு என்னுதுதான்" என்றேன். "அம்பது வருசமா அந்த ஜன்னலைத் திறக்கறதில்லை. ஏன்னு எனக்குத் தெரியும். மறந்துட்டேன்."

"அத்தையைக் காப்பாத்தறதுக்கு ஒரு கதையா மாமா?"

"கதையில்லை சாமி."

"ஒவ்வொரு கதைக்கும் காட்டற தழும்பு இனிமேத்தான் வரும், இல்லீங்களா?"

தழும்பைக் காட்டலாம் என்று எடுத்த விரலை மடக்கிக்கொண்டேன். சென்னம்மாள் முறத்தை இறக்கிவிட்டு வலைக்கு அந்தப்பக்கமிருந்து சொன்னாள்: "நெசந்தான் கண்ணு. நாப்பத்திரண்டு வருசத்துல இந்த மனுசன் சொன்ன நெசம் இது ஒண்ணுதான். குறிச்சு வெச்சுக்கோ."

சுகுணா என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "குளுரட்டும்னுதானே திறந்தீங்க" என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். ஆப்பு இல்லாமல் அது திரும்பத் திறந்துகொண்டது. நான் போய் முதுகை வைத்துச் சாய்ந்து நின்றேன்.

பூபதி பெயிண்ட் பிரஷ்ஷால் துடைத்து, ஊதி, மூடியைப் போட்டான். இரண்டு மணிக்கு லேப்டாப் ஓட ஆரம்பித்தது. ஒரு படம் ஆறு நிமிஷம். இன்னொன்று ஆறு நிமிஷம். சுகுணா முகத்தில் களை வந்தது. நாலு படம் முடிந்தது. நான் ரேடியேட்டர் கதையை எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, இரண்டரைக்குக் கரண்ட் போயிற்று. சோளக்காட்டுப் பக்கம் கிளை முறிந்து கம்பியில் விழுந்துவிட்டதாம். சாயங்காலம் ஆகும் என்றார்கள்.

ஒன்பது படம் பாக்கி.

"பேட்டரி இருக்குதில்ல?" என்றான் பூபதி.

"இந்த வேகத்துல ஓடுனா நாப்பத்தஞ்சு நிமிசம் தாங்கும். ஏழு படம் வந்தாப் பெரிசு" என்றாள் சுகுணா. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாள். பிறகு ஏதோ ஒரு கட்டத்தைத் திறந்து, அதிலிருந்த ஒரு கோட்டைப் பாதி வரை கீழே இழுத்துவிட்டாள்.

"பலத்தைக் கொறைச்சுட்டேன். பாதிப் பலத்துல வேகம் பாதியாக் கொறையாது, மூணுல ரெண்டு பங்கு வரும். கடைசிக் கொஞ்சம் வேகத்துக்குத்தான் அது பேட்டரியை அள்ளிக் குடிக்கறது. ஒரு படத்துக்கு ஒம்பது நிமிசம் ஆகும். ஆனா ஒம்பதும் வந்துரும்னு நினைக்கிறேன்."

ஆக்சிலேட்டரை விடுவதுபோல என் வலது கால் தானாகக் கொஞ்சம் தளர்ந்தது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்துப் பறந்த டிரைவர்களை எல்லாம் நாற்பதாவது வளைவில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே போகிறவன் அவர்களுக்குக் கை காட்டிவிட்டு எழுபதைத் தொடுவான். இதை நான் பெருமையாகச் சொல்லியிருப்பேன். அந்த நேரத்தில் ஜன்னல் முதுகில் முட்டிக்கொண்டிருந்தது.

சுகுணா திரையின் வெளிச்சத்தையும் முழுக்க அணைத்துவிட்டாள். அதுவும் பேட்டரி குடிக்குமாம். ஆக, கருப்புப் பலகை ஒன்றுக்கு முன்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். நான் உட்காரவில்லை, ஜன்னலுக்கு முதுகு கொடுத்து நின்றேன். அந்தக் காற்றை ஒன்றரை மணி நேரம் முதுகில் தாங்கிய ஆள் இந்த மலையில் நான் ஒருவன்தான். உள்ளே விசிறி ஓடும் சத்தம் மட்டும், தூங்குகிற பூனை மாதிரி, சீராக வந்தது. ஒவ்வொரு ஒன்பது நிமிஷத்துக்கும் அவள் திரையை ஒரு கணம் எழுப்பிப் பார்ப்பாள். ஒரு பால்கனி. மறுபடி இருட்டு. ஒரு படிக்கட்டு. மறுபடி இருட்டு. சென்னம்மாள் தூற்றாத சாமையை அப்படியே மூடிப்போட்டுவிட்டு, எல்லாருக்கும் கடுங்காப்பி வைத்துக் கொண்டுவந்தாள். நடுவில் ஒருமுறை சுகுணா லேப்டாப்பின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல.

"சூடே இல்லை" என்றாள், யாரிடமோ.

நான்கு மணிக்குக் கடைசிப் படம் முடிந்தபோது பேட்டரி ஐந்து சதவீதத்தில் நின்றது. படங்களைப் போனுக்கு மாற்றி, கொட்டாய்க்குப் பின்னால் சிக்னல் வரும் இடத்தில் அதை நீட்டிப் பிடித்து நின்று அனுப்பினாள். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரே வரி பதில்: வந்தது, மற்றதைப் பேசுவோம்.

பேசுவோம் என்றவர்கள் பதினைந்து நாளாக இன்னும் பேசவில்லை. நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. இதற்கிடையில் புது வேலை ஒன்று அனுப்பியிருக்கிறார்கள். ஜன்னலில் நானே ஆப்பு அடித்துவிட்டேன். மேஜை தெற்குச் சுவரோரம் போய்விட்டது. சுகுணா அந்தக் கோட்டைத் திரும்ப மேலே ஏற்றவேயில்லை. பாதிப் பலமே போதுமாம்.

நேற்று பக்கத்துக் காட்டுப் பாவாயி முறம் கேட்டு வந்தாள். அதற்குள் சேதி அவள்வரை போயிருந்தது. "ஏனுங்க டிரைவரே, உங்க ஊட்டு லேப்டாப்புல சாமை வெளைஞ்சுதாமா?"

"வெளைஞ்சுது" என்றேன். "வெதைக்கலை, உழவில்லை. கரண்ட்டுலயே கதிர் புடிச்சுது. மயில் வேற வந்து தொந்தரவு."

பாவாயி என்னை நம்பவில்லை. இந்த ஊரில் இப்போது யாரும் என்னை நேராக நம்புவதில்லை. நான் ஏதாவது சொன்னால் திரும்பி சுகுணாவைப் பார்க்கிறார்கள். பாவாயியும் பார்த்தாள். நானும் பார்த்தேன். மூடியின் அகலம் வரப்போகிறது என்று தயாரானேன்.

சுகுணா திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

"ரெண்டு படிங்க, தூத்தி எடுத்ததுல" என்றாள். "மயிலு தின்னது போக."

பாவாயி வாங்கிய முறத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, மேஜைக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்தாள். பிறகு போய்விட்டாள். நான் மெல்ல மருமகளின் பின்னால் போய் நின்றேன். திரையில் புது வீடு ஒன்று மேலிருந்து கீழாக, வரி வரியாகத் தெளிந்துகொண்டிருந்தது. மூன்றாவது மாடி, கண்ணாடிக் கதவு, வெள்ளைப் பால்கனி. பால்கனிச் சுவரில் யாரோ ஒரு முறத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள். வெயில் அதுவரை இறங்கியிருந்தது. முறத்துக்கு மட்டும் இன்னும் நிழல் வரவில்லை. வரட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.