நான் வளர்த்த கடப்பாரை

காட்டிலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் கார்டு வேலை பார்த்தவன் நான். ஜவ்வாது மலையில் நான் பார்த்த சிறுத்தை ஒவ்வொன்றும், ஒடுகத்தூர் மஜீத் பாய் டீக்கடைக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு முழம் வளர்ந்துவிடும். நான் கதை சொல்கிற அன்று பாய் நாலு படி பால் கூடுதலாகக் காய்ச்சுவார். சரி, ஒரு படி. அந்தச் சந்தோஷத்தைப் பென்ஷன் வாங்கும் இந்த வயசிலும் நான் விடவில்லை. ஆனால் ஒரு கடப்பாரையை மட்டும் வளர்த்திருக்க வேண்டாம்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் மார்கழியில், மலைமேல் நெல்லிவாசல் நாட்டுப் பக்கம் ரோந்து போனேன். ஒரு வீட்டு வாசலில் செல்லி உட்கார்ந்திருந்தாள். கோவிந்தனுக்கு இரண்டாம் தாரம். மூத்தவள் விட்டுப்போன நாலு வயசுப் பிள்ளை சின்னான் அவள் மடியில் கிடந்தான். மூன்று நாளாகக் காய்ச்சல், வயிறு உப்பியிருந்தது. இதற்கு மலையில் ஒரு வைத்தியம் உண்டு. மஞ்சள் கொம்பின் முனையை விளக்கில் கருக்கி, தொப்புளைச் சுற்றி நாலு இடத்தில் சூடு போடுவார்கள். அவளும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். நான் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு நடந்தேன். மறுநாள் பிள்ளை இறந்துவிட்டது. புதைத்துவிட்டார்கள்.

அந்த வாரச் சந்தைக்கு ஒடுகத்தூர் இறங்கியபோது நல்ல மழை. மஜீத் பாய் கடை நிறைய ஆள். மலையில் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன்.

மஜீத் பாய் டீ ஆற்றிக்கொண்டே, “மஞ்சக் கொம்புல இன்னாப்பா கதெ இருக்குது? எங்க வூட்லயும்தான் போடுவாங்க. புலி கிலி பாத்தியா, அதச் சொல்லு” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். என் மானம் போயிற்று. முதல் கிளாஸ் முடிவதற்குள் மஞ்சள் கொம்பு இரும்புக் கம்பி ஆனது. இரண்டாவது கிளாஸில் கடப்பாரை, பழுக்கக் காய்ச்சிய கடப்பாரை. மாற்றாந்தாய் சிரித்துக்கொண்டே வைத்தாள் என்று கடைசியில் ஒரு போடு போட்டேன். கடையில் ஒருத்தனும் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

பின்பெஞ்சில் இருந்து போலீஸ் இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். “இன்னா கார்டு, அப்படியே எழுதிக்கட்டுமா?”

‘இல்லை சார், சும்மா கூட்டிச் சொன்னேன்’ என்று சொல்ல அரை நிமிஷம் போதும். முப்பது பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எழுதிக்குங்க” என்றேன்.

மலையில் யாரும் புகார் கொடுக்கவில்லை. அந்த வழக்கு என் வாயில் பிறந்தது. குழியைத் தோண்டிப் பிள்ளையை எடுத்தார்கள். கோவிந்தன் கிழங்கு தோண்ட வைத்திருந்த கடப்பாரையைக் கைப்பற்றிச் சீட்டு ஒட்டினார்கள். கோர்ட்டில் ஜட்ஜ் கேட்டதும் செல்லி, “சூடு போட்டேன் சாமி. மஞ்சள்லதான் போட்டேன்” என்றாள். நான் காக்கிச் சட்டையில் கூண்டேறி, சத்தியம் பண்ணி, கடப்பாரை என்றேன். மலைக்காரியையா நம்புவார்கள், சர்க்கார் ஆளையா? ஆயுள் தண்டனை.

ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டவர் சக்கரவர்த்தி என்ற சின்ன வயசு வக்கீல். கோவிந்தனை வழிகாட்டச் சொல்லி, பட்டணத்துச் செருப்பு பிய்ந்துபோய், அதைக் கையில் பிடித்தபடி என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்.

“கார்டு சார், டாக்டர் ரிப்போர்ட் படிச்சீங்களா? நாலு தழும்பு. ஒவ்வொண்ணும் புளியங்கொட்டை அளவு. நான் அந்தக் கடப்பாரையைப் பார்த்தேன். அதோட முனை பட்டா பிள்ளை வயித்துல பாதி போயிருக்கும்.”

“இருட்டுல சரியா தெரியல சார்.”

“பகல் பத்து மணின்னு நீங்களேதான் கோர்ட்டுல சொன்னீங்க.”

வாசலில் குந்தியிருந்த கோவிந்தன் தலையைத் தூக்கவே இல்லை.

“பார்த்தது மஞ்சள் கொம்புன்னு ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அந்தப் பொம்பளை வெளிய வந்துடும்” என்றார் வக்கீல்.

“என் வேலை?”

“போகலாம். பொய்ச்சாட்சி கேஸும் வரலாம். நான் மறைக்க மாட்டேன்.”

கல்யாணத்துக்கு நிற்கிற இரண்டு மகள்களைச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஒரு வருஷத்துக்கு மேல் யோசித்தேன். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று இரண்டு முறை வேலூர் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் அணைக்கட்டு ஊரிலேயே இறங்கித் திரும்பி வந்தேன். செல்லி ஜெயிலில் இருந்தாள்.

கடைசியில் நான் இல்லாமலே அவர் ஜெயித்தார். நீதிபதிகள் டாக்டர் ரிப்போர்ட்டையும் கடப்பாரையின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இந்தச் சாட்சி சொன்ன ஒரு சொல்லையும் நம்புவதற்கில்லை என்று எழுதி, தண்டனையை ரத்து செய்தார்கள். ஹைகோர்ட்டே எழுதிக்கொடுத்த பொய்யன் வட ஆற்காடு ஜில்லாவில் நான் ஒருத்தன்தான் என்று மஜீத் பாய் கடையில் நானே மார்தட்டினேன். சிரித்தார்கள். நான் பயந்தபடி வேலை போகவில்லை. ஒரு மெமோகூட வரவில்லை. அதற்குத்தான் அவள் அவ்வளவு நாள் உள்ளே இருந்தாள்.

வெளியே வந்து இரண்டு மாதம் கழித்து, செல்லி என் செக்போஸ்டுக்கு வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தரையில் உட்கார்ந்தாள். மலைக்காரர்கள் கலெக்டரையும் ‘நீ’ என்றுதான் பேசுவார்கள்.

“கார்டு, அந்தத் தீர்ப்புல நான் கொல்லலன்னு எழுதியிருக்குதா?”

“நான் பொய்யன்னு எழுதியிருக்குதும்மா. அதனால உன்னை வுட்டுட்டாங்க.”

“அதான் வக்கீலும் சொல்றாரு.” விரலால் மண்ணைக் கீறினாள். “காய்ச்சல்ல செத்தானா, நான் போட்ட சூட்டுல செத்தானா? ஜெயில்ல இதே நெனப்புதான். அவன் ஆத்தா செத்தப்புறம் நான்தான் சோறு ஊட்டினேன். நோவுல துடிச்சானா? என் கண்ணுல தண்ணி, எனக்கு ஒண்ணும் தெரியல. வேற ஆளு நீ ஒருத்தன்தானே நின்னே. சொல்லு.”

சொன்னேன். “நான் வரும்போதே அவனுக்கு நெனவு பாதிதான் இருந்துச்சு, செல்லி. மூச்சு ஒரு மாதிரி இழுத்துச்சு. நீ சூடு போட்டப்ப அவன் அழல. உன் சேலையைப் பிடிச்சிக்கிட்டு சும்மா கெடந்தான். நீதான் அழுதே.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “இது கூட்டிச் சொன்னதா?”

“இல்ல. சத்தியமா.”

“கடப்பாரைக்கும் சத்தியம் பண்ணித்தானே சொன்னே.”

கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு மலைப்பாதையில் ஏறிப் போனாள். அன்றைக்கு நான் சொன்னதை அவள் நம்பியிருந்தால், அந்த ஒரு ராத்திரியாவது தூங்கியிருப்பாள்.