வலம் வந்த அடுப்பு

பேண்டேஜ் துணி ஆலை முதலாளி பொன்னுராஜ் காஷ்மீருக்குப் போய் வந்ததை ராஜபாளையத்தில் அறியாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். போய் வந்தது எண்பத்தெட்டில். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு சித்திரையிலும் கல்யாண வீடுகளுக்குக் கம்பளிச் சால்வையோடுதான் வந்தார். வேர்த்து வழிய உட்கார்ந்துகொண்டு, “அங்க குளிரு எலும்புக்குள்ள போயிரும்” என்பார். எதிரே இருப்பவர் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைப்பார்.

தொண்ணூற்றிரண்டு ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையை ஒட்டிய கண்மாய் மறுகால் பாய்ந்தது. விவசாயிகள் நெல்லை நினைத்தார்கள். பொன்னுராஜ் காஷ்மீரை நினைத்தார். ஆலையில் கிடந்த காலி டிரம்களை வரிசையாகக் கட்டி, மேலே பலகை அடித்து, அதன்மேல் கண்ணாடி ஜன்னல் வைத்த ஓர் அறையைக் கட்டி மிதக்கவிட்டார். உள்ளே வெல்வெட் திரை. காஷ்மீரில் அவர் தங்கிய படகு வீட்டில் ஓர் இரும்பு அடுப்பும் புகைக்குழாயும் இருந்ததால் இதிலும் ஓர் இரும்பு அடுப்பும் புகைக்குழாயும்.

அங்கே அது குளிர்காய. இங்கே எதற்கு என்று கேட்கும் துணிச்சல் அவரிடம் சம்பளம் வாங்கிய யாருக்கும் இல்லை. கடைசியில் அவரே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார். தைப்பொங்கலன்று தண்ணீர்மேல் பொங்கல் வைப்பது. சப்-கலெக்டரை அழைப்பது. பேப்பர்காரர்களையும் அழைப்பது.

வெள்ளோட்டம் பார்த்தபோது புகை குழாய்க்குள் போக மறுத்தது. அறைக்குள்ளேயே சுற்றி, வெல்வெட் திரையில் படிந்து, முதலாளியின் மூக்கில் ஏறியது.

“கப்பல் விசயமாச்சே மொதலாளி. நம்ம கேப்டன் இருக்காரு, கூப்பிடுவோம்” என்றார் ஆலை மேஸ்திரி.

கேப்டன் என்றால் ஞானதுரை. இளவயதில் தூத்துக்குடிக்குப் போனவர். அங்கே துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் அடுப்பு எரித்தார். மாடி அறையில் தங்கியிருந்த மாலுமி ஒருவன் விட்டுப்போன வெள்ளைச் சட்டையும் விளிம்பு வைத்த தொப்பியும் அவருக்குக் கிடைத்தன. தன் கல்யாணத்துக்கு ஊர் வந்தபோது அவற்றைப் போட்டுக்கொண்டு வந்தார். பஸ்ஸைவிட்டு இறங்கியதுமே யாரோ, “கப்பல்லயா இருக்கீரு?” என்று கேட்டார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தார், அவ்வளவுதான். மீதியை ஊர் பார்த்துக்கொண்டது. ஒரு வருடத்தில் அவர் மாலுமி, இரண்டாவது வருடத்தில் இன்ஜினியர், மெஸ்ஸை விட்டு ஊரோடு வந்து சேர்வதற்குள் கேப்டன். அவர் வாயால் ஒரு பொய் சொன்னதில்லை. சும்மா இருந்தார். சும்மா இருப்பது பத்துக் கட்டளைகளில் எதையும் மீறியதாகாது என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

ஊர் நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன. ஆனால் மகள் செல்லக்கனி நம்பியிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தொடக்கப் பள்ளியில் அவள் டீச்சர். உலகப் படத்தில் நீலமாக இருக்கும் இடத்தையெல்லாம் பிரம்பால் தொட்டுக் காட்டி, “எங்கப்பா இந்தத் தண்ணி அம்புட்டையும் தாண்டிப் போனவுக” என்று பிள்ளைகளிடம் சொல்வாள். இந்தச் செய்தி காதுக்கு வந்த நாளிலிருந்து ஞானதுரை உலகப் படம் தொங்கும் சுவர்ப் பக்கமே திரும்புவதில்லை. அவள் முன்னால் மட்டும் இது உடையக் கூடாது. அந்த ஒன்றுக்காகத்தான் அவர் தொப்பியைத் துவைத்துத் துவைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

“நம்ம போட்ல ஒரே பொகை, கேப்டன். ஒங்க கப்பல்ல எப்படி வச்சிருந்திய?” என்றார் பொன்னுராஜ்.

“அது பெரிய அடுப்பு, மொதலாளி” என்றார் ஞானதுரை. மெஸ் அடுப்பு பெரியதுதான்.

அடுப்பைப் பார்த்ததும் அவர் கை தானாக வேலையைத் தொடங்கியது. புகை மாப்பிள்ளை மாதிரி. போகிற வழி நேராகவும் கதகதப்பாகவும் இருந்தால் பேசாமல் போய்விடும். எங்காவது முகம் கோணினால் திரும்பி வந்து நடுவீட்டில் உட்கார்ந்துகொள்ளும். பொன்னுராஜின் குழாய் திரைச்சீலைக்கு இடம்விட்டு இரண்டு இடத்தில் வளைந்து, கூரைக்கு மேலே எட்டிப் பார்க்கவும் வெட்கப்பட்டு நின்றது. ஞானதுரை வளைவுகளைக் கழற்றி எறிந்தார். குழாயை நேராக்கி, கூரைக்கு மேல் ஓர் ஆள் உயரம் ஏற்றினார். சூடு ஆறாமல் இருக்க ஆலை பாய்லரில் சுற்றும் கல்நார்க் கயிற்றைச் சுற்றினார். மூட்டுகளில் களிமண்ணும் சுண்ணாம்பும் கருப்பட்டித் தண்ணீரில் குழைத்துப் பூசினார். உச்சியில் முழங்கைபோல வளைந்த ஒரு குழாயை மாட்டி, வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்றுக்கு முதுகு காட்டும்படி அதன் வாயைப் படகின் முன்பக்கம் திருப்பி, அங்கேயும் அசையாதபடி பூசினார்.

கரையில் கட்டியிருந்த படகின் அடுப்பில் தீ மூட்டினார்கள். அடுப்பு உறுமியது. பொன்னுராஜ் ஒரு காகிதத்தை அடுப்பு வாயருகே கொண்டுபோனார். அது அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே போனது.

“எங்கவே கத்துக்கிட்டீரு இதை?”

ஞானதுரையின் நெஞ்சு நிறைந்திருந்தது. இத்தனை வருடத்தில் அவருக்கு நிஜமாகவே தெரிந்த ஒன்றுக்காக ஒருவர் பாராட்டுவது இதுதான் முதல் தடவை. தூத்துக்குடி மெஸ் என்ற இரண்டு சொற்கள் நாக்கு நுனி வரை வந்தன. மேஸ்திரி பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பாய்லர் ரூம்ல இப்படித்தான் வைப்போம்” என்றார்.

ஊர் கட்டிய பொய்யில் அவர் தன் கையால் வைத்த முதல் செங்கல் அது.

பொங்கலன்று கண்மாய்க் கரை நிறைய ஆள். செல்லக்கனி அக்கம்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளைத் திரட்டி வரிசையாக நிறுத்தியிருந்தாள். “படகு திரும்பி வரும்போது பால் பொங்கும். அப்ப எல்லாரும் சத்தமா பொங்கலோ பொங்கல்னு சொல்லணும். முன்னால வெள்ளைத் தொப்பி போட்டு நிக்காகல்லா, அவுகதான் எங்கப்பா.”

வெள்ளைத் தொப்பி முன்னால் நின்றது. அறைக்குள் சப்-கலெக்டர், அவர் மனைவி, சால்வையோடு பொன்னுராஜ். பானை வைக்க ஆலையில் வேலை செய்யும் பெத்தம்மாள். நூல் சுற்றும் பெண்களில் மூத்தவள். அவள் சொல்லுக்கு ஆலையில் சங்கத்தைவிட மரியாதை அதிகம். நேராக நடுக்கண்மாய் வரை போவது, அங்கே பொங்கல் வைப்பது, படகைத் திருப்பாமல் அப்படியே பின்னுக்குத் தள்ளி வருவது என்பது ஏற்பாடு. கழிக்காரர்கள் கழியை ஊன்றினார்கள்.

“நில்லுங்க மொதலாளி” என்றாள் பெத்தம்மாள். “தண்ணிமேல பொங்க வைக்கோம். தெப்பம் மாதிரி. வலம் வராம எப்படி?”

பொன்னுராஜுக்கு அது பிடித்துப்போனது. காஷ்மீரில்கூட இல்லாத ஒன்று. “அதானே. கண்மாயை ஒரு சுத்து வலம் வாங்கடே. என்ன கேப்டன், வரலாம்லா?”

ஞானதுரை வேதக்காரர். அவருடைய கிறிஸ்தவ சபையில் யாரும் எதையும் சுற்றி வருவதில்லை. நேராக உள்ளே போவார்கள், நேராக வெளியே வருவார்கள். வலம் என்ற சொல் காதில் விழுந்த கணத்தில்தான் அவருக்குப் புரிந்தது, படகு திரும்பும் என்று. படகு திரும்பினால் குழாயின் வாயும் திரும்பும். மேற்கே மலை பார்த்துப் போகிறவரை தொல்லையில்லை. வடக்கே வளைந்து கிழக்கே கரைக்கு வரும்போது வாடைக்காற்று நேராகக் குழாய்க்குள் புகுந்துவிடும்.

சொல்லலாம். செத்த நேரம் பொறுத்தால் பூச்சைத் தட்டி எடுத்து, திரும்புகிற மாதிரி மாற்றிவிடலாம். ஆனால் சொன்னால் கேட்பார்கள். கடலெல்லாம் சுற்றியவருக்குக் கப்பல் திரும்பும் என்பது தெரியாதா? கரையில் செல்லக்கனி கையாட்டினாள்.

“வரலாம், மொதலாளி” என்றார்.

தெற்கே போகும்போது அடுப்பு உறுமியது. மேற்கே போகும்போது பானை சலசலத்தது. சப்-கலெக்டர் செண்பகத்தோப்பு மலையைக் காட்டி ஏதோ பாராட்டினார். வடக்கே வளைந்ததும் குழாய் ஒரு தடவை இருமியது. கிழக்கே திரும்பியதும் அடுப்பு வாயிலிருந்து புகை ஒரு மூட்டையாக வெளியே விழுந்தது. அப்புறம் மூட்டை மூட்டையாக விழுந்தது.

காஷ்மீரில் ஜன்னலைத் திறப்பதில்லை என்பதற்காக இங்கேயும் ஜன்னல்களை ஆணி அடித்து வைத்திருந்தார்கள்.

“திருப்புங்கலே படகை” என்றார் பொன்னுராஜ், இருமலுக்கு நடுவில். “வந்த வழியே திருப்புங்க.”

“இடஞ்சுத்தா?” புகைக்குள்ளிருந்து பெத்தம்மாளின் குரல் வந்தது. “எழவு வீட்லதான் இடஞ்சுத்துவாவ. பொங்கலும் அதுவுமா ஆரு தலையில மண்ணு போடச் சொல்லுதிய? ஒரு கழி அசையப்பிடாது, ஆமா.”

கழிக்காரர்கள் முதலாளியைப் பார்க்கவில்லை. பெத்தம்மாளைப் பார்த்தார்கள். படகு வலமாகவே வந்தது.

ஞானதுரை கூரைமேல் ஏறினார். முழங்கைக் குழாய் கொதித்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு முறுக்கினார். அசையவில்லை. களிமண்ணும் சுண்ணாம்பும் கருப்பட்டியும் கல்லாய் இறுகியிருந்தன. அவர் வாழ்நாளில் பூசியதிலேயே நல்ல பூச்சு அது. தொப்பி கருகி, நழுவி, தண்ணீரில் விழுந்து மிதந்தது.

கரையில் இருந்தவர்களுக்கு ஜன்னல் இடுக்கெல்லாம் வெள்ளையாகப் பொங்கி வழிவதுதான் தெரிந்தது. பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தபடியே கத்தினார்கள். “பொங்கலோ பொங்கல்!” பெண்கள் குலவையிட்டார்கள். மேளம் கொட்டியது. உள்ளே அடுப்பு அணைந்து, பானை ஆறி, சப்-கலெக்டரின் மனைவி தரையில் முகம் வைத்துப் படுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

கரையேறியதும் பொன்னுராஜ் நேராக மைக்குக்குப் போனார். முகத்தில் கண் இரண்டு மட்டும்தான் வெள்ளை. “குளிர் நாட்டு முறைப்படி மூட்டம் போட்டுப் பொங்கல் வச்சோம்” என்றார். “நம்ம கேப்டன் எம்புட்டோ கடலைத் தாண்டினவரு. அவர் வச்ச அடுப்பைக் குறை சொல்ல ஏலாது.” தோளிலிருந்த காஷ்மீர்ச் சால்வையை எடுத்து ஞானதுரைக்குப் போர்த்தினார். தன் மானத்தைக் காப்பாற்ற அவருக்கு ஒரு கேப்டன் தேவைப்பட்டார்.

கைதட்டல் ஓய்வதற்குள் குழாய் திரும்பாத கதையைக் கழிக்காரர்கள் டீக்கடை பால்சாமியிடம் சொல்லியிருந்தார்கள். அவன் கேட்டான். “கேப்டன், ஒங்க கப்பலு லண்டனுக்குப் போயிட்டு, அப்படியே பின்னால தள்ளிக்கிட்டேதான் தூத்துக்குடி வருமோ?”

முதலில் கழிக்காரர்கள் சிரித்தார்கள். பிறகு கரை சிரித்தது. பிள்ளைகளுக்குப் புரியவில்லை, ஆனாலும் சிரித்தார்கள். ஞானதுரை மகளைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் அவருக்குப் பக்கத்திலேயே வந்தாள். சால்வை அவர் கக்கத்தில் சுருண்டிருந்தது.

“வலம் வரணும்னு அந்தம்மா சொன்னப்பவே ஒங்களுக்குத் தெரிஞ்சிருச்சுல்லாப்பா. மொகத்தைப் பார்த்தேன்.”

“தெரிஞ்சுச்சு.”

“பொறவு ஏன் சொல்லல?”

அவர் சால்வையை மறு கக்கத்துக்கு மாற்றினார்.

“கப்பல் கெடக்கட்டும். உள்ள நாலு பேரு மூச்சுமுட்டிக் கெடந்தாகல்லா. சொல்லியிருக்கலாம்லாப்பா.”

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். பாடம் புரியாத பிள்ளையிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள். சாலையோரப் புளியமரத்தடியில் அவர் நின்றார்.

“கப்பல்ல இல்ல, தாயி. மெஸ்ஸுல இருந்தேன். அடுப்பு எரிச்சேன்.”

அவள் தலையசைத்தாள். அவ்வளவுதான். கொஞ்சம் வேகமாக நடக்கத் தொடங்கினாள். அவர் பின்னாலேயே போனார்.

வீட்டில் மனைவி பரிபூரணம் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். கண்மாய்ச் செய்தி அவர்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. அவள் நிமிரவில்லை.

“கல்யாணமான புதுசுல, எனக்குக் காச்சல்னு ஒருநாள் இந்த அடுப்பைப் பத்த வச்சியளே, ஞாவகம் இருக்கா? ஈர வெறகு. ஒத்தத் தீக்குச்சி. அன்னைக்கே தெரியும் எனக்கு.”

“கேக்கவே இல்லயே.”

“கேட்டா என்ன சொல்லுவிய. அதுக்குப் பொறவு நீங்க அடுப்புப் பக்கமே வரல. கேப்டன் அடுப்பைத் தொடலாமா?” அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். புகைதான். அந்த அடுப்படியில் புகை போக ஒரு ஓட்டைகூடக் கிடையாது. சுவரெல்லாம் கரி. அவள் கண்கள் எத்தனை வருடமாகவோ சிவந்தே இருந்தன. வயசானதால் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். “ஊரான் போட்டுக்கு ஆள் ஒசரம் கொழா வச்சிய. நல்லா இழுத்துச்சாமே, பேப்பரைப் பிடுங்கிச்சாமே.”

அன்று கண்மாய்க் கரையில் வராத வெட்கம் அப்போதுதான் அவருக்கு முழுசாக வந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் சால்வையை அரிசிப் பானைமேல் வைத்தார். அவள் அதை எடுத்து விறகுமேல் போட்டாள்.

மாசியில் கண்மாய் வற்ற ஆரம்பித்தது. பொன்னுராஜ் காஷ்மீரை விட்டுவிட்டு, சிங்கப்பூர் போய் வரப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். படகிலிருந்து கழற்றி எறிந்த குழாயை ஞானதுரை தலையில் வைத்துப் பட்டப்பகலில் பெரிய தெரு வழியாகவே கொண்டுவந்தார். யார் கேட்டாலும், “வீட்டு அடுப்புக்கு. மெஸ்ஸுல இருந்தவன்லா, இது தெரியும்” என்றார். சொல்லச் சொல்ல வாய் கசந்தது. ஆனாலும் சொன்னார்.

பலனில்லை. “நல்லது கேப்டன்” என்றார்கள். கொடுத்த பட்டத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் வழக்கம் ராஜபாளையத்தில் இல்லை. முன்பு மரியாதையாகச் சொன்னார்கள், இப்போது இன்னும் மரியாதையாகச் சொன்னார்கள்.

செல்லக்கனி வகுப்பில் என்ன சொன்னாள் என்று அவர் விசாரிக்கவில்லை. உலகப் படத்தில் இப்போது அவள் தூத்துக்குடியை மட்டும் தொட்டுக் காட்டுவதாகப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று தானாக வந்து சொன்னது.

ஆனி பிறந்தது. காற்று திசை மாறி மலைப்பக்கமிருந்து வீசியது. அடுப்படியில் லேசாகப் புகை வாடை. பரிபூரணம் ஏதும் சொல்வதற்குள் ஞானதுரை ஓட்டுக்கூரைமேல் ஏறிவிட்டார். வீட்டுக் குழாயின் முழங்கை மூட்டில் அவர் எதையும் பூசியிருக்கவில்லை. துணியைச் சுற்றிப் பிடித்ததும் சுலபமாகத் திரும்பியது.

கீழே தெருவில் சைக்கிளை நிறுத்தி பால்சாமி அண்ணாந்து பார்த்தான். “என்ன கேப்டன், கப்பலு எந்தப் பக்கம் போவுது?”

முன்பென்றால் சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருப்பார்.

“எங்கயும் போவல. காத்துத்தான் திரும்பிட்டு” என்றார். பிறகு கூரை ஓடு ஒன்றை விலக்கிக் குனிந்து, அடுப்படிக்குள் கேட்டார். “பொகை போவுதாட்டி?”

உள்ளே ஊதுகுழல் சத்தம் நின்றது. செல்லக்கனியின் குரல் வந்தது.

“அம்மா கண்ணைத் தொறந்துக்கிட்டுத்தான் சமைக்காக. எறங்குங்கப்பா.”