பால்கனிக் கூடை

...சத்தம் நின்றுவிட்டதே, அதுதான் பயமாக இருக்கிறது. காலையிலிருந்து வாசற்கதவை உலுக்கிக் கத்திக்கொண்டிருந்தவன் இப்போது ஷூவைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்து சுவரையே பார்க்கிறான், கத்தட்டுமே, நாலு தட்டை உடைக்கட்டுமே, இப்படி வாயை மூடிக்கொண்டால் பெற்றவள் என்ன செய்வாள். வாசலைப் பூட்டிய வீட்டுச் சாவி நக்வாவின் சட்டைக்குள் மார்பில் குத்திக்கொண்டிருந்தது. குத்தட்டும். தகப்பன் போனபிறகு அவளுக்கென்று மிஞ்சியது ஹாஸிம் ஒருவன்தான். போன் எல்லாவற்றையும் அறுத்துவிட்டார்கள் பாவிகள், போன பிள்ளை எங்கே விழுந்தான் என்று கேட்கக்கூட நாதியில்லை, வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் ஷூப்ராப் பேட்டை மொத்தமும் ஆட்சியை இறக்கவென்று சதுக்கத்தைப் பார்த்து நடக்கிறது, போலீஸ் வீசும் புகைக்குண்டின் காரம் நான்காவது மாடிவரை ஏறி வந்து கண்ணைக் கரிக்கிறது. கடைசியாக அவன் பேசியது என்ன... “எத்தனை நாளைக்கும்மா பூட்டி வைப்பே?” “உயிரோட இருக்கிற வரைக்கும்.” “யாரு உயிரு, உன்னுதா என்னுதா?” அதற்குப்பிறகுதான் இந்த மௌனம்.

நக்வாவின் அண்ணன் ஃபத்ஹியும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தான், ரொட்டி விலை ஏறி ஊரே கொதித்த அந்த ஜனவரியில், அம்மா கதவைப் பூட்டினாள், வெளியே கூட்டாளிகள் அடிபட்டார்கள், இவன் மட்டும் மேலில் ஒரு கீறல் இல்லாமல் பிழைத்தான். பிழைத்து என்ன? முப்பது வருஷத்துக்கு மேல் காபிக்கடையில் டோமினோ ஆடினான், பழைய கூட்டாளி எதிரே வந்தால் தெருவை மாற்றினான், அம்மா சாகும்வரை அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. ஆனாலும் இருந்தானே! அம்மா செய்தது தப்பா? தப்பென்றால் ஃபத்ஹியை எந்தக் கல்லறையில் போய்ப் பார்த்திருப்பாய் நக்வா...

மூச்சு முட்டுகிறதென்று பால்கனிக்கு வந்தாள். எதிர்வீட்டுக் கமாலின் அம்மா கயிற்றைப் பிடித்துக் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள், கூடை நிறைய உரித்த வெங்காயம், வினிகர் பாட்டில், கீழே போகிற பையன்கள் புகைக்கு மருந்தென்று அள்ளிக்கொண்டார்கள். இவளா? இவள் மகன் கலவரப் போலீஸில் கேடயம் பிடித்து அந்தப் பக்கமல்லவா நிற்கிறான்! நக்வாவால் வாயை அடக்க முடியவில்லை. “என்னடி பண்றே, உன் பிள்ளையை அடிக்கப் போறவங்களுக்கா குடுக்கிறே?” அவள் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “யாரு யாரை அடிக்கிறாங்களோ, யாருக்குத் தெரியும். நான் இவங்க கண்ணுக்குக் குடுத்தா, எவளாவது ஒருத்தி என் கமால் கண்ணுக்கும் குடுக்க மாட்டாளா?” என்றாள், பிறகு சட்டென்று, “உன் பையன் போகலையா?” நக்வா வானத்தைப் பார்த்தாள். போகலையா... என்ன கேள்வி, கேட்க இவளுக்கு என்ன உரிமை.

“அத்தை!” கீழே தாமர், ஹாஸிமின் வகுப்புத் தோழன், கழுத்தில் ஈரத்துணி. “கூடையை இறக்குங்க அத்தை, சாவி! மேல வந்து அவனைக் கூட்டிட்டுப் போறேன்!” எத்தனை வருஷமாகக் கேட்கும் குரல், நாலு மாடி இறங்கி யார் திறப்பது, தெருக்கதவுச் சாவியைக் கூடையில் போட்டு இறக்கிவிட்டால் அவனே திறந்துகொண்டு வந்து, “சாப்பிட என்ன இருக்கு அத்தை?” என்று அடுப்படியில் நிற்பான். கையும் தன்பாட்டுக்குச் சாவியைப் போட்டது, கயிறு விரலில் வழுக்கி இறங்கியது, மூன்றாவது மாடி, இரண்டாவது... ஐயோ, என்ன செய்கிறேன், மார்பில் குத்தல் இல்லையே! கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். தாமரின் தலைக்கு மேலே கூடை ஆடியது. பழக்கதோஷம், வேறென்ன, கை பழகின கை, குழப்பத்தில் வீட்டுச் சாவியைப் போட்டுவிட்டது, இழு, மேலே இழு நக்வா... “இன்னும் கொஞ்சம் அத்தை, எட்டல!” முதுகுக்குப் பின்னால் ஷூச் சத்தம் வந்து நின்றது. ஹாஸிம். திரும்பினாள், அவன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் பார்வை பக்கத்துச் சுவருக்குப் போனது. அங்கே எப்போதும்போல ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது தெருக்கதவுச் சாவி. பழகின கை என்றால் அது ஆணிக்கல்லவா போயிருக்க வேண்டும்...