தண்ணிப்பாம்பு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று அது சைதூனின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

சைதூன் என் பெரியம்மா மகள். என் வயதுதான். ஐம்பத்தைந்தாம் வருஷம் பெருநாளுக்காகக் கருங்குழியிலிருந்து புதுப்பட்டினத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து அவள் ஊரை ஒட்டிய மதுராந்தகம் ஏரியின் பெருமைதான்.

"எங்க ஏரியில அல்லி கீது, கோரை கீது, நீர்க்கோழி கீது. இங்க இன்னாடி கீது சுராயா? உப்புத்தண்ணியும் மணலும்தான்!"

கடற்கரைக்கு அழைத்துப்போய் ஒவ்வொன்றாகக் காட்டினேன். மணலைக் கெட்டியாகப் பிடித்துப் படர்ந்த அடப்பங்கொடி, அதன் ஊதாப்பூ, பக்கவாட்டில் ஓடி வளைக்குள் ஒளியும் நண்டு. எல்லாவற்றுக்கும் உதட்டைப் பிதுக்கினாள்.

"எங்க ஏரியில தண்ணிப்பாம்பே கீது. நான் கையாலயே புடிப்பேன். உங்க கடல்ல கீதா?"

"ஏன் இல்ல? கடல்லயும் தண்ணிப்பாம்பு கீது. உங்களதவிட பெருசு!" என்று வெடுக்கென்று சொன்னேன்.

ஏரிக்கரையில் தண்ணிப்பாம்பு என்றால் விஷமில்லாத பாம்பு. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், அவளிடம் தோற்கக் கூடாதென்று வாயை விட்டுவிட்டேன்.

சற்றுத் தள்ளி, சடையப்பன் என்ற மீனவரும் அவருடைய ஆட்களும் வலையை இழுத்துப் போட்டுவிட்டு மீனைக் கூடைகளில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். வேண்டாத பாசியெல்லாம் ஒரு பக்கம் குவிந்து கிடந்தது. நான் குனிந்து சிப்பி பொறுக்கி நிமிர்வதற்குள் சைதூன் அந்தக் குவியலிடம் போய்விட்டாள்.

"சுராயா! இதோ பாரு, உங்க தண்ணிப்பாம்பு!"

அவள் கையில் இரண்டு முழப் பாம்பு நெளிந்தது. சாம்பல் உடம்பில் கறுப்புப் பட்டைகள். வால் துடுப்பைப் போலத் தட்டையாக இருந்தது. அது கடல்பாம்பு. அது கடித்துப் பிழைத்தவர் எங்கள் ஊரில் யாருமில்லை.

"வுட்டுடுடி" என்றேன்.

"பொறாமையா?" என்று சிரித்து, அதை முகத்துக்கு நேரே தூக்கினாள். பாம்பு மெல்லத் தலையைத் திருப்பியது.

கத்தினால் திடுக்கிட்டு இறுக்கிப் பிடிப்பாள். இறுக்கினால் கடிக்கும். பிடுங்கப் போனாலும் கடிக்கும். என்ன செய்வேன்? அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. தண்ணீரில் அத்தனை வேகமாக நீந்தும் கடல்பாம்புக்கு மணலில் ஊர வராது.

"உங்க ஏரிப்பாம்பு தரையில ஓடுமா?" என்று கேட்டேன்.

"சர்ருனு ஓடும்."

"இதுவும் ஓடும். பந்தயமா? மெதுவா மணல்ல வெச்சிட்டு எங்கிட்ட வந்துடு. அது ஓடலன்னா உங்க ஏரிதான் ஒசத்தி. நானே ஒத்துக்கறேன்."

காலையிலிருந்து அவள் காத்திருந்த வார்த்தை அது. குனிந்தாள். பாம்பின் தலை அவள் மணிக்கட்டை உரசியது. யா அல்லாஹ் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மணலில் வைத்தாள். கையை எடுத்தாள். துள்ளிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

பாம்பு கிடந்த இடத்திலேயே நெளிந்தது.

"பாத்தியா, ஓடல! எங்க ஏரிதான்..."

அவளை இழுத்துக்கொண்டு பத்தடி ஓடியபிறகுதான் சடையப்பனைக் கூப்பிட்டுக் கத்தினேன். ஓடிவந்தவர் முகம் வெளுத்துப் போயிற்று.

"ஐயோ, இத யாரும்மா தொட்டது? இது கடிச்சா பொழுது சாயறதுக்குள்ள ஆள் காலி!"

துடுப்பால் அதை அள்ளி அலையில் வீசினார். தண்ணீர் பட்டதும் நிமிர்ந்து, நொடியில் மறைந்தது.

சைதூன் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீதானே தண்ணிப்பாம்புன்னு சொன்ன?"

"பொய்தான்டி சொன்னேன்" என்றேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அவள் கையைப் பாவாடையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். வீடு வரைக்கும் துடைத்துக்கொண்டே வந்தாள். ஏரியைப் பற்றி ஏதாவது சொல்லேன் என்று வழியெல்லாம் அவளைக் கெஞ்சிக்கொண்டே வந்தேன்.