முடிச்சு எட்டிய குட்டிகள்

வெள்ளிக்கிழமை விடிந்தாலே குருவம்மாளின் கண் தெருமுனையிலேயே கிடக்கும். அன்றைக்குத்தான் சோலைமலை கயிற்றோடு வருவார்.

அச்சங்குளத்தில் நிலபுலன், ஆடு மாடு என்று இருந்தவர் சோலைமலை. சினையாட்டைப் பங்கு பேசி வாரத்துக்கு வளர்க்க விடுவார். ஈன்றது இரண்டில் வளர்க்கிறவளுக்கு ஒரு குட்டி, அவருக்கு ஒரு குட்டி. தாயாடு என்றைக்கும் அவருடையது. குட்டி பால் மறக்கிறவரைதான் அது வளர்க்கிறவள் வீட்டில் நிற்கும். மறந்ததும் ஓட்டிக்கொண்டுபோய்க் கிடாய்க்கு விட்டுவிடுவார்.

மறக்கிற நாளைச் சொல்வது ஒரு கயிறு. அவருடைய அப்பா காலத்துக் கயிறு, அதில் ஒரு முடிச்சு. வாரா வாரம் குட்டியின் வயிற்றைச் சுற்றிப் பிடித்துப் பார்ப்பார். முடிச்சு எட்டினால் குட்டி தேறிவிட்டது, தாயை ஓட்டலாம். வாரத்துக்கு வாரம் ஏறாவிட்டால் வீட்டுக்காரி பாலைக் கறந்து குடிக்கிறாள், அப்போதும் தாயை ஓட்டலாம். ஆக, குட்டி வளரவும் வேண்டும், சீக்கிரம் வளர்ந்துவிடவும் கூடாது. குருவம்மாளின் பிழைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்தது.

அவள் பாலைக் கறக்கவில்லை. கறந்தாவது தொலைத்திருக்கலாம். மூன்று மாதப் பிள்ளையை அப்படியே ஆட்டின் மடியில் விட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வருசமாக வானம் பொய்த்துப்போன ஊரில், கம்மங்கூழுக்கே வழியில்லாத உடம்பில் பால் எங்கிருந்து ஊறும்? பிள்ளை பிறந்த ஒரே மாதத்தில் மார் வற்றிவிட்டது. கிணறு வெட்டப் போன புருசன் முனியசாமியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பிள்ளை அழுது அழுது குரலே எழும்பாமல் போன அன்று, வேறு வழி தெரியாமல் ஆட்டுக்குக் கீழே கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். ஆடு உதைக்கவில்லை. பிறகு அதுவே பழகிப்போய், பிள்ளை சிணுங்கினாலே வந்து காலை அகட்டிக்கொண்டு நிற்க ஆரம்பித்தது.

குட்டிகள் இரண்டும் அந்த நேரத்தில் மூலையில் கட்டிக் கிடந்து கத்தும். அந்தக் கத்தலைக் கேட்கிற பாவத்துக்குத்தான் அவள் கஞ்சி காய்ச்சினாள். தீப்பெட்டி ஆபீசிலிருந்து அவள் வீட்டில் பெட்டி ஒட்டுவதற்குப் பசை மாவு கொடுப்பார்கள். பூச்சி அண்டாமல் இருக்க அதில் மயில்துத்தம் என்கிற நீல விஷத்தைக் கலந்து காய்ச்ச வேண்டும். துத்தம் போடுமுன் ரெண்டு கை மாவைத் தனியே எடுத்துவைத்து, தண்ணீராகக் காய்ச்சி, துணியை நனைத்துக் குட்டிகளுக்குச் சப்பக் கொடுப்பாள். குட்டி தேறவில்லை, வயிறுதான் உப்பியது. கயிற்றுக்கு எலும்பா தெரியப்போகிறது?

போன வெள்ளியன்று கயிறு ஏறவில்லை. சோலைமலை அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு நூலுகூட ஏறலையே. பாலு எங்க போகுது, குருவு? அடுத்த வெள்ளியும் இப்படியே இருந்துச்சுன்னா ஆட்டப் பிடிச்சிட்டுப் போயிருவேன்."

அந்த வாரம் முழுக்க அவளுக்குத் தூக்கமில்லை. ஒரு வேளைக் கஞ்சியை மூன்று வேளையாக்கினாள். வெள்ளிக்கிழமை காலையில் பயம் தாங்காமல், குட்டிகள் போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகும் வாயைப் பிளந்து இன்னும் ஒரு கொட்டாங்கச்சி ஊற்றினாள். ஊற்றிய மாவு உள்ளே போய்ப் பொங்கும் என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை. சோலைமலை வருவதற்குள் இரண்டு வயிறும் தவில்போல விம்மி நின்றன.

கயிறு முடிச்சை எட்டியது. இரண்டு குட்டிக்கும் எட்டியது. மனிதருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. குருவு கைராசிக்காரிதான் என்று பாராட்டிவிட்டு, இன்றைக்கே தாயை ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று ஆட்டின் கயிற்றை அவிழ்த்தார். இன்னும் ஒரு மாதம் நிற்கட்டும் அய்யா என்று அவள் கும்பிட்டதை அவர் கேலியாகவே எடுத்துக்கொண்டார். தேறின குட்டிக்கு எதற்குப் பால் என்றார்.

ஆடு வாசல் தாண்டவில்லை. உள்ளே சாக்கில் கிடந்த பிள்ளை சிணுங்கியது. ஆடு அவர் கையிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டு ஓடிப்போய், பிள்ளைக்கு மேலே காலை அகட்டி நின்றது. பிள்ளையின் வாய் தானாகப் போய்க் காம்பைப் பிடித்தது.

சோலைமலை குட்டிகள் பக்கம் திரும்பினார். ஒரு குட்டியைத் தூக்கி முதுகைத் தடவினார். முள்ளந்தண்டு கட்டைவிரலுக்கு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது.

"வயித்துல இருக்கது பசை மாவு, அய்யா. பாலு பூராவும் எம்புள்ளைக்குத்தான் போச்சு."

பிள்ளை குடித்து முடிக்கிறவரை அவர் நின்றார். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பிறகு ஆட்டைப் பிடித்துக்கொண்டார்.

"குட்டி ரெண்டையும் நீயே வச்சுக்க. எனக்குப் பங்கு வேண்டாம். ஆட்ட விட்டுட்டுப் போனேன்னா, நாளைக்கு வாரத்துக்கு வாங்குனவ பூராவும் இதத்தான் செய்வாளுக."

அவள் தெருமுனைவரை காலைப் பிடிக்காத குறையாகப் பின்னால் போனாள். அவர் திரும்பவில்லை. ஆடுதான் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கத்திக்கொண்டே போனது. பங்கு கேட்காமல் இரண்டு குட்டியையும் விட்டுக்கொடுத்த மகராசன் என்று ஊர் அவரைப் பேசியது. அந்தக் குட்டிகளுக்கு இனி யார் பால் கொடுப்பது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் பிள்ளை அழ ஆரம்பித்தது. வயிறு வடிந்த குட்டிகளும் அவள் சேலையை முட்டிக்கொண்டு கத்தின. குருவம்மாள் அடுப்பைப் பற்றவைத்து, மிச்சமிருந்த மாவைக் காய்ச்சினாள். துத்தம் ஒரு பொட்டுகூட விழவில்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். மூன்று கொட்டாங்கச்சியில் ஊற்றினாள். ஆறியதும் ஒன்றில் விரலை நனைத்துப் பிள்ளையின் வாயில் வைத்தாள்.

துப்பிவிடும் என்றுதான் நினைத்தாள். குட்டிகள் வயிறு விம்மி நின்றது நினைவுக்கு வந்து, துப்பட்டும் என்றும் நினைத்தாள். பிள்ளை துப்பவில்லை. விரலைச் சப்பிவிட்டு, இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தது.