பேப்பரில் போட்ட ஆடுகள்

கண்காட்சியில் சாயமிடாத கம்பளிக்கான முதல் பரிசு இந்த வருடமும் கிடைக்காவிட்டால் பதினாலு ஆடுகளையும் விற்றுவிடுவேன் என்று தெஸ்பா ஊர்க்கூட்டத்திலேயே சொல்லிவிட்டாள். முழங்கால் வலி எரிச்சலில் வந்த வார்த்தை. வீட்டுக்கு வந்து பட்டியைப் பார்த்ததும்தான் உறைத்தது. ஆடு இல்லாத காலைப்பொழுதில் அவள் என்னதான் செய்வாள்?

அதனால் உயிரைக் கொடுத்து ஒரு கம்பளம் நெய்தாள். சோப்புக்குப் பதில் யக்காச் செடியின் வேரை நுரைக்கவைத்து ஆட்டு மயிரை மூன்று தடவை அலசி, கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து வாரி வாரி ஒரே சீரான சாம்பல் நிறம் வரவழைத்து, கையாலேயே நூற்று, எட்டு மாதம் தறியில் உட்கார்ந்தாள்.

நகரத்திலிருந்து வந்த நடுவர் கம்பளத்தைத் தடவிப் பார்த்தார். "இவ்வளவு சுத்தமா, சீரா இருக்கே! இது கடை நூலும்மா, சாயம் போட்டது," என்று ஒதுக்கிவிட்டார்.

அடுத்தது தெஸ்பாவின் தங்கை லவினாவுடையது. அதுதான் அசல் கடை நூல். ஆனால் குதிரைக்கு வைக்கோல் ஏற்றும் வண்டியிலேயே ஆறு மாதம் கிடந்த நூல். நடுவர் ஒரு துணுக்கை உருவி முகர்ந்தார். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆட்டுப்பட்டி வாசனை!" என்றார். பரிசு லவினாவுக்கு.

மறுநாள் லவினா ஓடிவந்தாள்.

"அக்கா, பேப்பர்காரங்க வர்றாங்க. என்னை என் ஆடுங்களோட படம் பிடிக்கணுமாம்."

"உன்கிட்ட ஒரு பூனைகூடக் கிடையாதேடி."

"அதான் உன்கிட்ட வந்தேன். ஒரு மணி நேரம்க்கா. என் மானத்தைக் காப்பாத்து."

"வைக்கோலுக்குப் பரிசு வாங்கினவளுக்கு மானம் வேறயா?"

தெஸ்பாவுக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனாலும் கூடப்பிறந்தவளாயிற்றே, பட்டியைத் திறந்துவிட்டாள். பேப்பரில் படம் வந்தது. கீழே, 'லவினாவும் அவர் வளர்க்கும் ஆடுகளும்.' ஆடுகளோ படத்துக்கு வெளியே நின்ற தெஸ்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

சனிக்கிழமை ஆட்டு வியாபாரி லாரியோடு வந்தான். வேடிக்கை பார்க்கப் பாதி ஊரும் வந்தது, லவினாவும் வந்தாள்.

"என்ன தெஸ்பா, ஏத்தலாமா? ஊரறியச் சொன்ன வார்த்தையாச்சே!"

தெஸ்பா பேப்பரை அவன் கையில் கொடுத்தாள்.

"சொன்ன சொல் மாற மாட்டேன். என் ஆட்டை விக்கிறேன்னுதான் சொன்னேன். இதெல்லாம் லவினாவோட ஆடு. படிச்சுப் பாரு."

எல்லோரும் லவினாவைத் திரும்பிப் பார்த்தார்கள். இல்லையென்றால் பரிசு பறிபோய்விடும்.

"ஆமா... என்னோடதுதான்."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் தெஸ்பா. தங்கை பக்கம் திரும்பி, "அப்ப விடியக்காலம் வந்துடு. மேய்க்கணும்ல?"